சுவரில் மாட்டிய வில்லங்கச் சான்று

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சாலமோன் சாரின் பாளையங்கோட்டை வீட்டுக்கு யார் போனாலும், முன்னறைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் இரண்டு சங்கதிகளைப் பார்த்த பிறகுதான் உட்கார முடியும். காப்பி அதற்கும் பிறகு.

முதலாவது, அவருடைய கல்யாணப் போட்டோ. 1988 மே 12. கோட்டு சூட்டில் சார், பக்கத்தில் எப்சி அம்மாள், பின்னால் நெஞ்சை நிமிர்த்தியபடி சாரின் தகப்பனார் ஞானாபரணம் வாத்தியார். "அன்னிக்குப் பதினோரு பந்தி. பேண்டு வாத்தியம் ரெண்டு செட்டு. ஒரு செட்டு களைச்சா இன்னொண்ணு வாசிக்கணும்னு அப்பா உத்தரவு" என்பார் சார். வந்தவர் தலையாட்ட வேண்டும்.

இரண்டாவது, ஒரு வில்லங்கச் சான்று. ஒரு நிலத்தை யார் யாருக்கு விற்றார், எங்கே அடகு வைத்தார் என்று பதிவுத்துறை எழுதிக் கொடுக்கும் காகிதம். மற்றவர்கள் அதை மடித்து பீரோவில் துணிக்கு அடியில் வைப்பார்கள். சார் தேக்குச் சட்டம் போட்டிருந்தார். ஏனென்றால் அதில், 1975 முதல் இன்றுவரை இந்தச் சொத்தின் மேல் வில்லங்கம் எதுவும் காணப்படவில்லை என்று அச்சாகியிருந்தது.

"அம்பது வருசம்வே! ஒரு விற்பனை உண்டா? கிடையாது. ஒரு அடமானம்? கிடையாது. எங்கப்பா ஒரு பிடி மண்ணை வித்தவரு இல்ல. நான் சொல்லல, அரசாங்கம் சொல்லுது. இதுக்கு ஆபீசுல போயி நிக்கவுமில்ல. இந்தப் போன்லயே சர்வே நம்பரைத் தட்டினேன், ஓடிபி வந்துச்சு, போட்டேன், வந்து விழுந்துட்டு."

"அரசாங்கம் சொல்லுதது இருக்கட்டும். காப்பி ஆறுது" என்று எப்சி அம்மாளின் குரல் அடுக்களையிலிருந்து வரும்.

நிலம் செங்கழுநீர்க்குளத்தில் இருந்தது. ஊருக்கும் அதே பெயர், குளத்துக்கும் அதே பெயர். குளத்துக் கரையை ஒட்டி அறுபத்திரெண்டு செண்டு நஞ்சை, அதிலேயே ரோட்டோரம் கொஞ்சம் களத்து மேடு. பயிர் வைப்பது சங்கிலிபூதத்தான். ஊர் அறிந்தவரை அவர் சாலமோன் சாரின் குத்தகைக்காரர். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கு முந்தின நாளும் காலை பத்து மணிக்கு, தெருவே வாசலில் நிற்கிற நேரமாகப் பார்த்து, ஒரு ஆட்டோவில் இரண்டு மூட்டை அரிசியோடு வந்து இறங்குவார்.

"ஏலே சங்கிலி, இந்த வருசம் வெள்ளாமை எப்படி?" என்று சார் கேட்பார். சங்கிலிபூதத்தான் எதிரே ஆறடி தூரத்தில்தான் நிற்பார். ஆனால் கேள்வி மூன்றாவது வீடு வரை போகும்.

"நல்லா இருந்துச்சு சார்."

"குத்தகை வாரத்தை ஒழுங்காக் கொண்டாந்துருதான், கெட்டிக்காரன்" என்று சார் தெருவுக்குச் சான்றளிப்பார். சங்கிலிபூதத்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

இப்படி இருக்கையில்தான் சாருக்கு அந்த யோசனை வந்தது. களத்து மேட்டிலிருந்து மூன்று செண்டைச் சபைக்குத் தானமாகக் கொடுத்து, அங்கே 'ஞானாபரணம் வாத்தியார் நினைவு வாசகசாலை' கட்டுவது. கட்டிடத்தைச் சபை பார்த்துக்கொள்ளும். அடிக்கல் நாட்ட ஒரு சனிக்கிழமை குறித்தாயிற்று. பேராயர் வர ஒப்புக்கொண்டிருந்தார். சரியாகச் சொன்னால், வர முயல்வதாக அவருடைய உதவியாளர் சொல்லியிருந்தார். சாலமோன் சாருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அடிக்கல்லுக்கு வாசகத்தைச் சாரே எழுதினார். பதினேழு வரி. தகப்பனாரின் படிப்பு, பணிக்காலம், குணநலன்கள், பிறகு 'சர்வே எண் 214இல் கண்ட, ஐம்பதாண்டுகளாக யாதொரு வில்லங்கமுமற்ற பூர்வீக நிலத்தில்' என்று நீண்டு, கடைசியில் மற்ற எழுத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகச் சாரின் பெயர். கல் தச்சர் இரண்டு முறை வாசித்துப் பார்த்தார்.

"சார், கல்லறைக்குக்கூட இம்புட்டு எழுத மாட்டாங்க."

"கல்லறையை யாருவே படிக்கா? இது வாசகசாலை" என்றார் சார்.

கல் தயாராகி வீட்டு வாசலில் சாக்குப் போர்த்தி நின்றது. வருகிறவர்களுக்குச் சாக்கை விலக்கிக் காட்டுவதில் சாரின் ஒரு வாரம் போனது. அப்போதுதான் சபைக் கமிட்டிச் செயலாளர் கிங்ஸ்லி குறுக்கே விழுந்தார்.

"எல்லாம் சரி சார். தானப் பத்திரம் பதிஞ்சாத்தான் கமிட்டி கல்லைத் தொடும்."

"என் வார்த்தை போதாதா கிங்ஸ்லி?"

"போதும் சார். ஆனா நாளைக்கு எவனாவது கேஸ் போட்டா, உங்க வார்த்தையா வந்து கூண்டுல நிக்கும்? வெள்ளிக்கிழமைக்குள்ள பதிஞ்சிருங்க. இல்லன்னா சனிக்கிழமை கூட்டம் ஜெபத்தோட முடிஞ்சிரும்."

பேராயர் வந்து, ஊர் வந்து, பதினேழு வரிக் கல் மட்டும் சாக்குக்குள்ளேயே நிற்பதைச் சார் கற்பனை செய்து பார்த்தார். அடுத்த நாள் காலையிலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தச்சநல்லூருக்குப் போனார்.

தச்சநல்லூரில் டார்லின் வைத்திருந்த கம்ப்யூட்டர் கடை ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பிரிண்டர் அளவுக்குத்தான் இருந்தது. ஆனால் நிலம் வாங்குகிறவர்கள் திசையன்விளையிலிருந்துகூட அவளைத் தேடி வந்தார்கள். வில்லங்கச் சான்று, பட்டா, கிராமத்து நிலங்களையெல்லாம் எண் வாரியாக எழுதி வைத்த 'அ' பதிவேடு என்று மூன்றையும் அரசின் இணையதளங்களில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அவள் ஒரு வரிகூடத் தட்டச்சு செய்ய மாட்டாள். "மூணும் ஒண்ணையொண்ணு பாத்துத் தலையாட்டணும். அப்பத்தான் நான் தலையாட்டுவேன்" என்பாள்.

டார்லின் சாரின் பழைய மாணவி. ஏழாம் வகுப்பில் அவளுடைய மதிப்பெண் அட்டையில் 'கவனம் போதாது' என்று சிவப்பு மையில் எழுதியவர் சார்தான். சார் அதை மறந்துவிட்டிருந்தார்.

"இந்தா, வில்லங்கமெல்லாம் நானே எடுத்துட்டேன்" என்று தேக்குச் சட்டத்தையே மேசைமேல் வைத்தார் சார். கழற்ற மனம் வராமல் ஸ்கூட்டரில் அப்படியே கொண்டுவந்திருந்தார். "நீ பத்திரத்தை மட்டும் அடிச்சுக் குடு."

டார்லின் கண்ணாடி வழியாகவே எண்ணைப் படித்தாள். 'அ' பதிவேட்டில் செங்கழுநீர்க்குளம் கிராமத்தைத் திறந்து 214ஐத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். சாரைப் பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"சார், இந்த நம்பர் எங்க இருந்து எடுத்தீங்க?"

"அப்பாவோட பைபிளுக்குள்ள இருந்த தீர்வை ரசீதுல. 1979ஆம் வருச ரசீது. ஏன்?"

"214 உங்க நிலம் இல்ல சார்."

"பின்ன?"

"குளம்."

"குளத்துக்குப் பக்கத்துலன்னு சொல்லு."

"பக்கத்துல இல்ல சார், குளமேதான். அரசுப் புறம்போக்கு, நீர்நிலை, நாப்பத்தெட்டு ஏக்கர்." அவள் குரலில் கேலி இல்லை. அதுதான் சாருக்குத் தாங்கவில்லை. "குளத்தை யாரு விக்கப்போறா, யாரு அடமானம் வைக்கப்போறா? அதான் வில்லங்கம் ஒண்ணுமே இல்லன்னு வந்துருக்கு."

சாலமோன் சார் தேக்குச் சட்டத்தைப் பார்த்தார். நாற்பத்தெட்டு ஏக்கர் தண்ணீர் அதில் அசையாமல் நின்றது.

"கம்ப்யூட்டர் தப்பு" என்றார்.

"நம்பர்தான் சார் பழசு. அந்த ரசீதுக்கு அப்புறம், எண்பத்துநாலு வாக்குல, ஊரையே திரும்ப அளந்து எல்லா நம்பரையும் மாத்திட்டாங்க. பழைய 214 இப்ப வேற நம்பர்ல எங்கனயாவது இருக்கும். பதிவேட்டுல பழைய எண்ணுன்னு ஒரு கட்டம் உண்டு. கரையோர நம்பரை ஒவ்வொண்ணாத் தட்டினா மாட்டும். செத்த உக்காருங்க."

சார் உட்காரவில்லை. பின்னால் நின்றுகொண்டு, எந்த எண்ணைத் தட்ட வேண்டும், எவ்வளவு மெதுவாகத் தட்ட வேண்டும் என்று வகுப்பு எடுத்தார். டார்லின் காதில் வாங்காமல் ஒவ்வொரு எண்ணாகத் தட்டிக்கொண்டே போனாள். இருபத்தொன்பதாவது முறை விரல் நின்றது.

"சிக்கிட்டு சார்! 187இல் 2. பழைய எண் 214. நஞ்சை, இருபத்தஞ்சு ஏர்ஸ். செண்டுக்கு மாத்தினா அறுபத்திரெண்டு."

"பாத்தியா! நான் அப்பவே சொன்னேன்லா!" என்றார் சார். எப்போது சொன்னார் என்பது அவருக்கே தெரியாது.

டார்லின் அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தாள். பட்டாதாரர் என்ற கட்டத்தின் மேல் அவளுடைய அம்புக்குறி நின்றது. அங்கே சங்கிலிபூதத்தான், தகப்பனார் பெயர் வண்டிமலையான் என்று இருந்தது.

"முழுங்கிட்டானா! லே, குத்தகைக்கு விட்ட நிலத்தை முழுங்கிட்டானா!" சாரின் சத்தத்தில் பக்கத்து டீக்கடையில் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

"பைய சார், பைய. புது நம்பருக்கு வில்லங்கம் போட்டுப் பாத்துருவோம்."

வில்லங்கம் வந்தது. ஐம்பது வருடத்துக்கும் ஒரே ஒரு பதிவுதான். நாள் 1988 ஏப்ரல் 18. தன்மை, கிரையம். எழுதிக் கொடுத்தவர் ஞானாபரணம். எழுதி வாங்கியவர் வண்டிமலையான். அறுபத்திரெண்டு செண்டும் முழுசாக.

சார் இப்போது உட்கார்ந்தார். போலிக் கையெழுத்து என்று சொல்ல வாயைத் திறந்தவர், தேதியைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். அவர் முப்பது வருடம் கணக்குப் பாடம் நடத்தியவர். ஏப்ரல் 18லிருந்து மே 12 வரை எத்தனை நாள் என்று கழித்துப் பார்க்க அவருக்குத் தாள் தேவையில்லை. இருபத்துநாலு நாள். பதினோரு பந்தி. பேண்டு வாத்தியம் ரெண்டு செட்டு.

டார்லின் அந்தத் தாளை அச்செடுத்து, மடித்து, ஒரு கவரில் போட்டுக் கொடுத்தாள்.

"யார்ட்டயும் சொல்லாத டார்லின்."

"நான் சொல்ல மாட்டேன் சார். ஆனா யாரு தேடினாலும் வரும்." வாசல்வரை வந்தவள் நின்றாள். "சார், ஏழாங்கிளாசுல எனக்கு கவனம் போதாதுன்னு எழுதினீங்க. நெனவு இருக்கா?"

சார் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். அதற்குள் இருந்து என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

வீட்டில் எப்சி அம்மாள் தாளை ஒரு முறை படித்தாள். பிறகு சுவரில் இருந்த கல்யாணப் போட்டோவின் அருகே போய்க் கண்ணாடியைத் துடைத்தபடி உற்றுப் பார்த்தாள்.

"ஏங்க, இந்தப் பட்டுச் சேலை எத்தனை செண்டு இருக்கும்?"

"எப்சி!"

"இல்ல, கேட்டேன். உங்க கோட்டு எப்படியும் ரெண்டு செண்டு வரும். அந்த ரெண்டாவது பேண்டு செட்டு இருக்கே, களத்து மேடு அதுக்குத்தான் போயிருக்கும்."

அன்று ராத்திரி சாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நிலம் போனதுகூட இல்லை, முப்பத்தாறு வருடமாக வாசலில் வந்து இறங்கிய அந்த இரண்டு மூட்டைகள்தான் தொண்டையில் நின்றன. நிலம் அவனுடையது என்றால் அரிசி எதற்கு?

மறுநாள் செங்கழுநீர்க்குளம் போகிற வழியெல்லாம் சார் ஒரு பேச்சைத் தயாரித்தார். கம்பீரமான பேச்சு. 'ஏலே சங்கிலி' என்று ஆரம்பித்தது. களத்து மேட்டில் நின்று மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்த சங்கிலிபூதத்தானைப் பார்த்ததும் அந்தப் பேச்சின் முதல் வார்த்தையே நழுவிவிட்டது.

"என்னவே, சௌக்கியமா?" என்றார்.

சங்கிலிபூதத்தான் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடமும் 'ஏலே'தான்; மரியாதையாக ஒரு 'வே' விழுந்தது இதுதான் முதல் தடவை. மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார்.

"கம்ப்யூட்டரு சொல்லிட்டாக்கும்" என்றார்.

"உமக்குத் தெரியுமா?"

"எம் பத்திரம் எனக்குத் தெரியாதா சார்? 1143 பார் 1988." வாய்ப்பாடு சொல்லும் பையன்போல் ஒப்பித்தார். "எத்தனையோ மட்டம் எடுத்துப் பாத்திருக்கேன். யார்ட்டயும் காட்டத்தான் முடியல."

"ஏன்?"

"உங்கப்பா எங்கப்பாட்ட ரெண்டு சத்தியம் வாங்கினாரு. வித்தது வெளிய தெரியப்படாது. அப்புறம், கிறிஸ்துமசுக்கு ரெண்டு மூடை உங்க வாசல்ல எறங்கணும், நாலு பேரு பாக்க. எங்கப்பா கண்ணை மூடும்போது எங்கிட்ட சொன்னாரு, 'வாத்தியாரு நிலத்தைத்தாம்லே வித்தாரு, பவுசை விக்கல. அதை நாமதான் சொமக்கணும்'னு."

"எத்தனை வருசத்துக்குன்னு சொல்லலியா?"

"உங்கப்பாவும் சொல்லல, நாங்களும் கேக்கல. சொன்ன சொல்லு சொன்ன சொல்லுதான. எங்க வீட்டு ஆளுக அப்படித்தான்." இதைச் சொல்லும்போது சங்கிலிபூதத்தானின் நெஞ்சு, போட்டோவில் இருக்கும் ஞானாபரணம் வாத்தியாரின் நெஞ்சைவிட இரண்டு விரல் கூடுதலாகவே நிமிர்ந்தது.

"சனிக்கிழமை இங்கன கல்லு நடப்போறோம்னு தெரியும்லா? அப்பவாவது சொல்லப்படாதா?"

"நான்தான சார் சத்தியம் பண்ணியிருக்கேன். கம்ப்யூட்டரு பண்ணலயே. பத்திரம் பதியப் போனா அதுவே சொல்லட்டும்னு இருந்தேன்."

சாலமோன் சார் குளத்தைப் பார்த்தார். இனி அவர் கேட்டாக வேண்டும். பிள்ளைகளிடம் கேள்வி கேட்டே பழகிய மனிதருக்கு, ஒன்றைக் கொடு என்று கேட்க வார்த்தை அகப்படவில்லை. செருப்பால் களத்து மண்ணை இரண்டு முறை கிளறினார்.

"அந்த மூணு செண்டு..." என்றார்.

"குடுக்கேன்."

சார் நிமிர்ந்தார்.

"வாசகசாலைக்கு வாத்தியாரு பேரே இருக்கட்டும். அவரு அடிச்ச அடியிலதான் நான் இன்னிக்கும் கையெழுத்துப் போடுதேன். ஆனா நிலம் குடுத்தது வண்டிமலையான் மகன் சங்கிலிபூதத்தான்னு கல்லுல இருக்கணும். எம் பொண்டாட்டி கூடப்பொறந்தவனே என்னைக் குத்தகைக்காரன்னுதான் சொல்லிக்கிட்டுத் திரியுதான் சார். அப்புறம் சனிக்கிழமை நாலு பேரு முன்னால நீங்க உங்க வாயால சொல்லணும்."

"என்னன்னு?"

"நடந்ததை."

"முடியாதுன்னா?"

"கல்லை வீட்டு வாசல்லயே வச்சிக்கிடுங்க. நல்ல கல்லு."

வெள்ளிக்கிழமை தானப் பத்திரம் பதிவானது. டார்லின் மூன்று காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூன்றும் தலையாட்டிய பிறகு, தானும் தலையாட்டினாள். கல் தச்சர் கல்லைப் புரட்டிப்போட்டு மறுபக்கத்தில் ஐந்து வரி வெட்டினார். ஆறாவது வரிக்குச் சார் வாயெடுத்தபோது உளியைக் கீழே வைத்துவிட்டார். எண் மட்டும் இந்தமுறை 187இல் 2.

சனிக்கிழமை பேராயர் வரவில்லை. வர முயன்றதாக உதவியாளர் சொன்னார். ஆனால் சபை வந்திருந்தது, ஊர் வந்திருந்தது, சங்கிலிபூதத்தானின் மச்சினனும் முன்வரிசையில் உட்காரவைக்கப்பட்டிருந்தான். சாலமோன் சார் மைக்கைப் பிடித்தார். தொண்டையைச் செருமினார். எப்சி அம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இந்த நிலம் என்னுடையது இல்லை" என்றார் சார். கூட்டம் அசைந்தது. "என் கல்யாணத்துக்கு இருபத்துநாலு நாளைக்கு முன்னால எங்கப்பா இதை வண்டிமலையானுக்கு விற்றார். முறையாகப் பதிந்து, ஒரு குறையும் இல்லாமல் விற்றார். முப்பத்தாறு வருசமா என் வாசலுக்கு வந்த அரிசி வாரம் இல்லை. ஒரு மனுசன் குடுத்த வாக்கு அது. அதை நான் வாரம்னு நினைச்சு, தெருவுக்கே கேக்கிற மாதிரி வாங்கினேன்."

யார் முகத்தையும் பார்க்காமல் நின்ற சார், பின்வரிசையில் இருந்த சில நரைத்த தலைகளைப் பார்த்ததும் மெல்ல நிமிர்ந்தார்.

"இங்க உட்கார்ந்திருக்கிறவங்கள்ல எத்தனை பேர் என் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டீங்க? கையைத் தூக்குங்க."

பதினைந்து இருபது கைகள் தயங்கி எழுந்தன. கிங்ஸ்லியின் கையும்.

"பதினோரு பந்தி! நீங்க சாப்பிட்டது பிரியாணி இல்ல, இந்த அறுபத்திரெண்டு செண்டு. ஆக, எங்கப்பா இந்த நிலத்தை அப்பவே சபைக்குக் குடுத்துட்டாரு. நீங்கதான் சாப்பிட்டு ஏப்பம் விட்டுட்டு மறந்துட்டீங்க!"

முதலில் சிரித்தது எப்சி அம்மாள். பிறகு களத்து மேடே சிரித்தது. சங்கிலிபூதத்தான் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் பெயரை எழுத்துக்கூட்டி ஒருமுறை, தகப்பன் பெயரை ஒருமுறை வாசித்துவிட்டு, மச்சினன் பக்கம் திரும்பினார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். சங்கிலிபூதத்தான் துண்டை உதறித் தோளில் போட்டார்.

இன்று வாசகசாலைச் சுவரில் வெளியே தெரிவது ஐந்து வரிதான். பதினேழு வரி சுவருக்குள் இருக்கிறது. அந்தப் பக்கத்துக் கணக்கில் குளம் இன்னமும் சாலமோன் சாருடையது.

அந்தக் கிறிஸ்துமசுக்கு முந்தின நாள், காலை பத்து மணிக்கு, ஆட்டோவில் கேக்கும் முறுக்குமாக ஏறிப் போனவர் சாலமோன் சார். செங்கழுநீர்க்குளத்தில் எல்லோரும் வாசலில் நிற்கிற நேரம் பார்த்து இறங்கினார். "என்னவே சங்கிலிபூதத்தான், வெள்ளாமை எப்படி?" என்று அவர் கேட்டது மூன்றாவது வீட்டுக்கும் கேட்டது.

அவர் வீட்டு முன்னறையில் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் இப்போதும் அதே தேக்குச் சட்டம் தொங்குகிறது. உள்ளே இருப்பது மட்டும் வேறு. 187இல் 2க்கான வில்லங்கச் சான்று. ஏப்ரல் 1988 கிரையம் ஒன்று, சங்கிலிபூதத்தான் சபைக்கு எழுதிய தானம் ஒன்று, ஆக இரண்டு பதிவு. இதே தாளை சங்கிலிபூதத்தானும் தன் வீட்டில் மாட்டியிருக்கிறார். அவருடைய சட்டம் இரண்டு விரல் பெரிது என்று சாருக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை.

போன வாரம் வந்த ஒருவர் விவரம் தெரியாமல், "வில்லங்கம் இல்லாத நிலம்னாத்தானே சார் பெருமை? இதுல ரெண்டு இருக்கே?" என்று கேட்டுவிட்டார்.

"ஒண்ணுமில்லன்னு வார சான்று யாருக்கும் கிடைக்கும்வே" என்றார் சாலமோன் சார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "அதைக் குளத்துக்கே குடுக்கான்!"

"காப்பி ஆறுது" என்றாள் எப்சி அம்மாள்.